இரண்டு அங்குலத்துக்கு ஒன்று

மாமாங்கத்து மண்ணில் கேரட் வராது என்று
விதையை விற்றுக்கொண்டே சொன்னார் உரக்கடைக்காரர்.
ஊட்டிக்குப் போகிற சரக்கு சார் இது,
இங்கே வெயில் இருக்கிறது, வெள்ளைக்கல் இருக்கிறது,
மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.
முப்பது ரூபாய்.

ஐப்பசியின் இரண்டாம் மழை விட்டதும்
துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே
எட்டடிக்கு மூன்றடி கொத்தினேன்.
கடப்பாரை பட்ட இடமெல்லாம் டங்கென்றது.
பொறுக்கிப் பொறுக்கிப் பெயின்ட் வாளியில் போட்டேன்.
நான்கு வாளி வெள்ளைக்கல்.
அதற்கு மேல் முதுகு சம்மதிக்கவில்லை.

விதையை மணலோடு கலந்து தூவச் சொன்னது
ஒயின்டிங் பிரிவுத் தனபாக்கியம்.
ஓமம் மாதிரி இருக்கும் சார், விரலுக்கு அடங்காது,
தூவினதும் ஈரச் சாக்குப் போட்டு மூடுங்க,
பத்து நாள் எட்டிப் பார்க்காதீங்க.
நான் தினமும் பார்த்தேன்.
எறும்புகள் என்னைவிட ஒழுங்காக ஷிஃப்டுக்கு வந்து
விதை தூக்கிப் போயின.

பன்னிரண்டாம் நாள்
சாக்கின் கண்கள் வழியே பச்சை.
முதலில் புல்லென்று நினைத்தேன்.
அடுத்த இலை இறகாய்ப் பிரிந்தபோதுதான்
கொத்தமல்லிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று தெரிந்தது.

பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்து:
இரண்டு அங்குலத்துக்கு ஒரு செடி மட்டும் விடவும்.
மற்றவற்றைக் கலைத்துவிடவும்.
பிடுங்க வேண்டாம், கத்தரியால் நறுக்கவும்.
பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும்.

அந்த வாரம்தான் மில்லில்
பழைய மெஷின்களைக் கழற்றிவிட முடிவானது.
மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு டீ வரவழைத்தார்.
அறுபத்திரண்டு பேரில் இருபத்தைந்து போதும்.
ஆட்களை உங்களுக்குத்தான் தெரியும், அருணகிரி,
நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.
டீயில் சர்க்கரை அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை, செண்பகத்தின் தையல் கத்தரியோடு
பாத்தி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.
எதை?
இது உயரம், ஆனால் சாய்ந்திருக்கிறது.
இது குள்ளம், ஆனால் முதலில் முளைத்தது.
இவை இரண்டும் ஒரே துளையில் வந்தவை,
எது எதன் மேல் சாய்ந்திருக்கிறதென்று
என்னால் சொல்ல முடியவில்லை.
கடைசியில் கண்ணை எடுத்துக்கொண்டு
ஒன்றை நறுக்கினேன்.
விரலில் கேரட் வாசம்.
நூலளவு தண்டு,
கீழே இன்னும் கிழங்கே கட்டவில்லை,
வாசம் மட்டும் முழுசாக வந்திருந்தது.
கத்தரியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன்.

பட்டியலை
திங்கட்கிழமை நாற்பது நிமிடத்தில் முடித்தேன்.
ஸ்கேல் வைத்துக் கோடு,
வரிசை எண்,
இனிஷியல் தப்பில்லாமல்.
தனபாக்கியம் பதினொன்று.

தை கடைசியில் பிடுங்கியபோது
கைப்பிடி கைப்பிடியாய் வந்தன
எலிவால்கள், பென்சில் முனைகள்,
ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறிய இழைகள்.
ஒன்று மட்டும் தடித்து,
கல்லில் முட்டி இரண்டு காலாய்ப் பிரிந்து,
அந்தக் கல்லையே இடுக்கிக்கொண்டு மேலே வந்தது.
செண்பகம் தோல் சீவவில்லை.
சீவினால் என்ன மிஞ்சும் என்றாள்.
மண் போக அலசி அப்படியே வதக்கினாள்.
இனிப்பாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

மாசியில் ஒரு காலை, ஐந்து ரோடு சிக்னல்.
பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.
கையில் சாப்பாட்டுக் கூடை,
எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை.
ஹெல்மெட்டுக்குள் என்னைத் தெரியாது என்று நினைத்தேன்.
கேரட் வந்துச்சா சார்?
வந்துச்சு.
நல்லாக் கலைச்சு விட்டீங்களா?

சிவப்பில்
இன்னும் பதினொரு விநாடி இருந்தது.